சான் மர்ஸானோ: ஒரு தக்காளியின் வம்ச வரலாறு

இத்தாலியின் தெற்கே, நேப்பிள்ஸுக்கும் சலெர்னோவுக்கும் நடுவில், வெசூவியஸ் எரிமலையின் பின்புறமாக சார்னோ என்றொரு சிறிய ஆறு ஓடுகிறது. நீளத்தில் நம் ஊர்க் காட்டாறுகளை ஒத்தது. ஆனால் அது கடக்கும் சமவெளி எளிமையானதன்று. பொது ஆண்டு 79-இல் பொம்பெய் நகரை மூடிய அதே எரிமலை, அதற்கு முன்னும் பின்னும் பலமுறை உமிழ்ந்த சாம்பல் இந்த நிலத்தில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. 1631-இலும் 1906-இலும் கடைசியாக 1944-இலும் வெசூவியஸ் சீறியது. அழிவாக வந்து இறங்கிய அந்தச் சாம்பல்தான் மட்கி, சாம்பல்சத்தும் மணிச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் நிறைந்த, நீரை வடியவும் விட்டுத் தேவைக்குப் பிடித்தும் வைத்துக்கொள்ளும் மண்ணாக மாறியது. அந்த மண்ணில் அமைந்த சிற்றூர் ஒன்றின் பெயர் சான் மர்ஸானோ. இன்று உலகின் பெருநகரங்களில் பெரும்பாலோர் அந்தப் பெயரை ஓர் ஊரின் பெயராக அறியமாட்டார்கள். தகர டப்பாவின் மேல் அச்சிடப்பட்ட ஒரு தக்காளியின் பெயராகவே அறிவார்கள்.

விரல் நீளம், கூரிய நுனி, உள்ளே இரண்டே அறைகள், தடித்த சதை, சொற்பமான விதைகள், வெந்நீர் பட்டதும் கழன்று வரும் மெல்லிய தோல். இதுவே சான் மர்ஸானோ. பச்சையாகக் கடித்துத் தின்பவருக்கு இது பெரிய சுவை எதையும் தராது. தீயில் வெந்து குழையும்போதுதான் இதன் குணம் வெளிப்படும். எப்படி ஒரு சிற்றூரின் வயல் பழம் உலகச் சமையலறைகளின் அளவுகோலாயிற்று, பின்னர் எப்படி ஏறத்தாழ அழிந்தது, அழிவிலிருந்து மீண்டது எது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

*

தக்காளி இத்தாலியின் சொந்தப் பயிர் அன்று. அதன் காட்டு உறவினங்கள் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் விளைபவை. மனிதர் அதைப் பெரிய பழம் தரும் பயிராகப் பண்படுத்தியது மெக்சிகோவில். அஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழியிலுள்ள ‘டொமாட்ல்’ என்னும் சொல்லே பல மொழிகள் வழியே உருமாறி ஆங்கிலத்தின் டொமேட்டோவாயிற்று. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கப்பலில் ஐரோப்பா சென்ற இச்செடியை, 1544-இல் மத்தியோலி என்னும் இத்தாலிய மருத்துவர் தம் மூலிகை நூலில் குறிப்பிட்டார். புதிதாக வந்த பொருளை என்னவென்று சொல்வது? அவர் அதைக் கத்தரிக்காயின் சாதியில் சேர்த்தார்; பின்னர் 1554 பதிப்பில் ‘பொன் ஆப்பிள்’ என்ற பொருள்படும் பெயரைத் தந்தார். அதுவே இன்றைய இத்தாலியச் சொல்லான பொமொதோரோ. அறியாத ஒன்றை அறிந்த ஒன்றின் பெயரால் அழைப்பது மொழிகளின் பொது வழக்கம். நம் வேலியோரங்களில் ஏற்கெனவே மணத்தக்காளி இருந்தது. கடல் கடந்து வந்த பெரிய பழம் சீமைத்தக்காளி ஆயிற்று. பிறகு சீமை உதிர்ந்து தக்காளி மட்டும் நின்றது.

1548 அக்டோபர் 31 அன்று பீசா நகரில் மெடிச்சி பிரபுவான கோசிமோவின் மாளிகைக்கு ஒரு கூடைத் தக்காளி வந்து சேர்ந்ததாக அரண்மனைக் காரியஸ்தர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. பழங்கள் சேதமின்றி வந்தன என்ற செய்தி அதில் உண்டு. அவற்றை யாரேனும் உண்டார்களா என்ற செய்தி இல்லை. நெடுங்காலம் தக்காளி ஐரோப்பியத் தோட்டங்களில் அழகுப் பொருளாகவும் ஐயத்துக்குரிய பொருளாகவும் இருந்தது. விஷச்செடியான பெல்லடோனாவின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதும், குளிர்ச்சி மிகுந்த ஈரப் பதார்த்தம் உடலுக்கு ஆகாது என்ற அக்கால மருத்துவக் கொள்கையும் அதற்குக் காரணங்கள்.

உணவாக அது ஊன்றியது தெற்கில். நேப்பிள்ஸ் அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. அந்நகரில் பணியாற்றிய அந்தோனியோ லத்தீனி என்ற விருந்து மேலாளர், 1692, 1694 ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட சமையல் நூலில் ‘ஸ்பானிய முறை’ தக்காளிக் குழம்பு ஒன்றைப் பதிவு செய்தார். பழத்தைத் தணலில் சுட்டுத் தோலுரித்து, வெங்காயம், மிளகாய், உப்பு, எண்ணெய், காடி சேர்த்து அரிந்து கலப்பது. இது நம் சுட்ட தக்காளித் துவையலுக்குத் தொலைவில்லை. ஆயினும் இத்தாலியரின் அடையாளம் என்று நாம் எண்ணும் பாஸ்தாவும் தக்காளியும் நூலில் ஒன்றாகச் சந்திக்க மேலும் நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன. 1839-இல் இப்போலித்தோ கவல்காந்தி தம் சமையல் நூலின் பதிப்பில் சேமியாவையும் தக்காளியையும் சேர்த்துச் சமைக்கும் குறிப்பை நேப்பிள்ஸ் வட்டார வழக்கிலேயே எழுதினார். தொன்மை என்று போற்றப்படும் மரபுகளில் பல, நம் கொள்ளுப்பாட்டன்மாரின் காலத்தைத் தாண்டாதவை.

*

சான் மர்ஸானோவை உருவாக்கியது எரிமலை என்பர். தகர டப்பாவும் அதில் பாதிப் பங்கு கேட்கலாம்.

பிரான்சில் நிக்கோலா அப்பேர், உணவைப் புட்டியில் அடைத்துக் கொதிக்கவைத்துக் காக்கும் முறையை 1810-இல் நூலாக வெளியிட்டார். எல்லாக் காய்களும் இம்முறைக்குச் சமமாக இசைவதில்லை. புளிப்புக் குறைந்த பட்டாணி போன்றவற்றில் கொதிநீரின் வெப்பத்துக்கும் அஞ்சாத நச்சு நுண்ணுயிர் ஒளிந்திருக்கும். தக்காளியின் இயற்கைப் புளிப்போ அந்நுண்ணுயிரை வளரவிடாது. ஆகவே எளிய கருவிகளைக் கொண்டே ஓர் ஏழை நாடு தொழிலாக நடத்தக்கூடிய பண்டமாகத் தக்காளி அமைந்தது. 1856-இல் வடக்கே தூரின் நகரில் பட்டாணியை டப்பாவில் அடைக்கத் தொடங்கிய பிரான்செஸ்கோ சீரியோ என்ற வணிகர், இத்தாலி ஒன்றிணைந்த பின் தன் தொழிலைத் தெற்கு நோக்கியும் விரித்தார். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் நேப்பிள்ஸ் பகுதியில் வேர்கொண்டது.

டப்பாவுக்குத் தனித் தேவைகள் உண்டு. உருண்டைப் பழம் இடத்தை வீணாக்கும். நீள் பழம் நெருக்கமாக அடுங்கும். விதையும் நீரும் மிகுந்த பழம் கொதியில் கரைந்துவிடும். சதைப்பற்றுள்ளது உருக்குலையாது நிற்கும். தோல் எளிதில் கழன்றால் கூலி மிச்சம். இத்தேவைகள் அனைத்துக்கும் விடைபோல, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோச்சேரா, சார்னோ, சான் மர்ஸானோ ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட வயல்களில் ஒரு நீள்தக்காளி பேர்பெறத் தொடங்கியது. 1770-இல் பெரு நாட்டு அரசப் பிரதிநிதி நேப்பிள்ஸ் அரசருக்கு அனுப்பிய பரிசு விதையிலிருந்து வந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. அழகிய கதை, ஆயினும் கதைதான். அங்கே முன்பே விளைந்த ஃபியாஸ்கோனா, ஃபியாஸ்கெல்லா போன்ற ரகங்கள் தமக்குள் கலந்து பிறந்த கலப்பு இது என்று கருதுவோர் உண்டு. எவ்வாறாயினும், இதை உருவாக்கியவர் என்று சொல்ல ஒரு பெயர் இல்லை. ஆண்டுதோறும் நல்ல பழத்தைத் தேர்ந்து விதையெடுத்துவைத்த குடியானவர்கள் பலரின் கூட்டுப் படைப்பு அது.

தக்காளிப் பூவில் சூல்தண்டு மகரந்தக் கூம்புக்குள் மறைந்திருப்பதால் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். எனவே விதை தாயைப் போன்ற செடியையே தரும். விதையெடுப்பதும் பெரிய வித்தையன்று. கனிந்த பழத்தைப் பிழிந்து, வழவழப்பான சவ்வோடு கூடிய விதைகளை இரண்டு மூன்று நாள் புளிக்கவிட வேண்டும். முளைப்பைத் தடுக்கும் அந்தச் சவ்வு கரைந்ததும் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். ஒவ்வொரு வீடும் தனக்குப் பிடித்த பழத்திலிருந்து இவ்வாறு எடுத்துவைத்ததால், ஒரே பெயருக்குள் நூலிழை வேறுபாடுகள் கொண்ட பல குடும்பங்கள் உருவாயின. இச்செய்தி பின்னால் முக்கியமாகிறது.

*

வளர்ப்பு முறையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. இந்த ரகத்தின் விதி அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

தக்காளிச் செடிகள் இருவகை. ஒருவகை ஓரளவு வளர்ந்ததும் நுனியில் பூத்து வளர்ச்சியை முடித்துக்கொள்ளும். பழங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பழுக்கும். மற்றது முடிவின்றிக் கொடிபோல் ஏறிக்கொண்டே போகும். அடியில் பழமும் நடுவில் காயும் நுனியில் பூவுமாக நிற்கும். சான் மர்ஸானோ இரண்டாம் வகை, ஆளுயரத்தைத் தாண்டும். தரையில் படரவிட்டால் பழம் அழுகும். எனவே ஏப்ரலில், பனி முடிந்ததும் நாற்றங்காலிலிருந்து பிடுங்கி, வரிசையில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டரும் வரிசைகளுக்கிடையே 110 சென்டிமீட்டரும் இடைவெளி விட்டு நடுகிறார்கள். கழிகள் ஊன்றி, குறுக்கே கம்பியோ கயிறோ இழுத்து, செடி உயர உயரக் கட்டிக்கொண்டே போகிறார்கள். இலைக்கணுக்களில் கிளம்பும் பக்கத் தளிர்களை விரலால் கிள்ளி எறிய வேண்டும். இல்லாவிட்டால் செடி இலைக்காடாகும். காற்றும் வெயிலும் உள்ளே புகா. பூஞ்சை நோய் பற்றும்.

நீர் பாய்ச்சுவதில் ஒழுங்கு தவறக்கூடாது. நீள்பழ ரகங்களுக்கே உரிய குறை ஒன்று உண்டு: பழத்தின் நுனி கறுத்துக் குழிந்து போகும் நுனியழுகல். பார்ப்பதற்கு நோய்போல் தோன்றினும் அது நோயன்று. மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருந்தும், வறட்சியும் வெள்ளமும் மாறிமாறி வந்தால் வேர் அதை எடுத்துப் பழத்தின் நுனிவரை சேர்ப்பதில்லை. அளவான ஈரத்தைச் சீராகக் கொடுத்துவந்தால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். மேற்பரப்பில் வைக்கோலோ சருகோ பரப்பி ஈரம் காப்பதும் பயன்தரும். தழைச்சத்து உரத்தை மிகையாக இட்டால் இலை செழித்து இக்குறை கூடும். இரவின் வெம்மை மிகுந்தாலும் மகரந்தம் பழுதாகிப் பூ உதிரும். கடற்காற்று இரவில் தணிக்கும் சமவெளி இதற்கு வாய்ப்பாக அமைந்தது.

பறிப்பு ஜூலை இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் முடிய நீளும். ஒரே செடிக்குப் பலமுறை திரும்பி வந்து, அன்றைக்குப் பழுத்ததை மட்டும் கையால் பறிக்க வேண்டும். பழத்தைக் குவியலாகக் கொட்டினால் அடியில் இருப்பது நசுங்கும். சிறு பெட்டிகளிலேயே ஆலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஒரு வாக்கியத்தில் சொல்வதானால், இது இயந்திரத்துக்கு இடம் தராத செடி. அதன் பெருமையும் அதன் வீழ்ச்சியும் இந்த ஒரு குணத்திலிருந்தே கிளைத்தவை.

*

1880-க்கும் 1920-க்கும் இடையே ஏறத்தாழ 40 லட்சம் இத்தாலியர் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். பெரும்பாலோர் தெற்கத்திய ஏழைகள். ஊரில் இருந்தபோது வாங்க இயலாத டப்பாத் தக்காளியை அவர்கள் நியூயார்க்கின் மளிகைக் கடைகளில் வாங்கினர். புலம்பெயர்ந்தவனின் நாவுதான் ஒரு பண்டத்துக்கு ஊர்ப்பெயரைச் சூட்டுகிறது; ஊரில் இருப்பவனுக்கு அது வெறும் தக்காளி.

1930-இல் அமெரிக்கா இறக்குமதித் தீர்வையைக் கடுமையாக உயர்த்தியது. இங்கே ஒரு வியப்பான இடைக்கதை. புரூக்ளினைச் சேர்ந்த, பின்னாளில் டில்லி லூயிஸ் என்று அறியப்பட்ட யூதப் பெண்மணி, இந்த நீள்தக்காளியைக் கலிபோர்னியாவிலேயே விளைவித்தால் என்ன என்று எண்ணினார். அந்த மண்ணில் விளையாது என்றே பலரும் கூறினர். நேப்பிள்ஸின் டப்பா ஆலை அதிபர் ஃப்ளோரிந்தோ தெல் கைசோ அவருக்கு முதலும் விதையும் கருவிகளும் தந்தார். 1935-இல் ஸ்டாக்டன் நகரில் ஆலை எழுந்தது. இருவர் பெயரையும் இணைத்து ‘ஃப்ளோடில்’ என்று பெயரிட்டார்கள். 1937-இல் தெல் கைசோ இறந்தபின் அவர் பங்கையும் டில்லி வாங்கி, அமெரிக்காவின் பெரிய உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுள் ஒன்றாக அதை வளர்த்தார். பெயரும் மண்ணும் பிரிக்க இயலாதவை என்ற நம்பிக்கைக்கு விழுந்த முதல் அடி என்று இதைக் கொள்ளலாம்.

இரண்டாவது அடி, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. 1950-களில் அமெரிக்க வேளாண் துறை சான் மர்ஸானோவை மற்ற ரகங்களுடன் கலந்து, வாடல்நோயைத் தாங்குவதும் குட்டையாய் நிற்பதுமான ‘ரோமா’ ரகத்தை வெளியிட்டது. கழியும் வேண்டாம், கயிறும் வேண்டாம். மூன்றாவது அடி இயந்திரம். மெக்சிகோக் கூலிகளை அழைத்துவரும் ‘பிராசெரோ’ ஒப்பந்தம் 1964-இல் முடிவுற்றபோது, கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹன்னாவின் கெட்டித்தோல் தக்காளியும் கோபி லோரென்சனின் அறுவடை இயந்திரமும் ஆயத்தமாக இருந்தன. செடியை வேரோடு அறுத்து, உலுக்கி, பழத்தை வாரிக்கொள்ளும் இயந்திரம் அது. சில ஆண்டுகளுக்குள் அம்மாநிலத்தில் ஆலைக்கான தக்காளி அனைத்தும் இயந்திர அறுவடைக்கு மாறியது. பழத்துக்கேற்ற கருவி செய்யும் காலம் போய், கருவிக்கேற்ற பழம் செய்யும் காலம் வந்தது.

இத்தாலியிலும் பதப்படுத்தும் தக்காளி, சிறு வயல்கள் நிறைந்த சார்னோ சமவெளியை விட்டு, கிழக்கே புலியா மாநிலத்தின் ஃபோஜா சமவெளிக்கு நகர்ந்தது. இந்நிலையில்தான், 1970-களிலும் 1980-களிலும் அசுவினிகள் பரப்பும் தேமல் வைரஸ் சான் மர்ஸானோ வயல்களைத் தாக்கியது. இலை சுருங்கி, காய் கருகி, வயல் வயலாக மடிந்தது. வைரஸுக்கு மருந்தில்லை, இந்த ரகத்திடம் எதிர்ப்பும் இல்லை. மிஞ்சிய உழவர்கள் வீரிய ஒட்டு ரகங்களுக்கும் வேறு பயிர்களுக்கும் போனார்கள். சிலர் நிலத்தைக் கட்டடத்துக்கு விற்றார்கள். தோல் பதனிடும் ஆலைக்கழிவும் தக்காளி ஆலைக்கழிவும் கலந்து, சார்னோ ஆறே ஐரோப்பாவின் மிக மாசடைந்த ஆறுகளில் ஒன்றாயிற்று. தக்காளியால் வாழ்ந்த ஆற்றைத் தக்காளியே கெடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

*

மீட்பு, முன்னர்க் குறிப்பிட்ட வீட்டு விதைகளிலிருந்து வந்தது. சந்தைக்கு ஒட்டு ரகம் பயிரிட்டவர்களில் சிலர், தம் வீட்டுக் குழம்புக்கென்று கொல்லையில் பழைய செடி நான்கைந்தை விடாது வைத்திருந்தார்கள். சீரியோ நிறுவனத்தின் ஆய்வு நிலையம் அத்தகைய விதைகளைத் திரட்டி, வளர்த்து ஒப்பிட்டு, தேர்ந்தெடுத்தவற்றைப் பெருக்கியது. 1996-இல் ஐரோப்பிய ஒன்றியம், நம் புவிசார் குறியீட்டை ஒத்த ‘பாதுகாக்கப்பட்ட தோற்றப் பெயர்’ என்னும் தகுதியை இதற்கு வழங்கியது. சான் மர்ஸானோ 2, கீரோஸ் என்ற இரு தேர்வுகளே அதற்கு உரியவை. குறிப்பிட்ட ஊர்களில் விளைய வேண்டும். ஊன்றுகால் கட்டியே வளர்க்க வேண்டும். கையாலேயே பறிக்க வேண்டும். ஹெக்டேருக்கு 80 டன்னுக்கு மேல் விளைவிக்கக்கூடாது. விதி நூலில் எழுதப்பட்டது ஒரு பழத்தின் இலக்கணம் மட்டுமன்று. ஒரு வேலைமுறையே சட்டமாயிற்று.

எனினும் சட்டத்தின் கைக்கு எல்லை உண்டு. ஐரோப்பாவில் காக்கப்படும் இப்பெயர் அமெரிக்காவில் காக்கப்படவில்லை. அங்கே விளைந்த நீள்தக்காளியையும் அதே பெயரில் விற்கத் தடையில்லை. விதை ஒன்றுதானே, பெயர் மட்டும் எப்படி ஓர் ஊருக்குச் சொந்தம் என்று கேட்பவரிடம் நியாயம் இல்லாமலில்லை. ஆண்டிஸிலும் மெக்சிகோவிலும் இருந்து பெற்ற ஒன்றின்மேல் இத்தாலி உரிமை கொண்டாடுவதன் முரணும் மறுக்க முடியாதது. ஆனால் கழி நட்டு, கயிறு கட்டி, எட்டுமுறை திரும்பி வந்து பறிப்பவன் செலவை, இயந்திரத்தில் வாரியவன் விலையோடு மோதவிட்டால் முதலாமவன் நிலைக்கமாட்டான். பெயர் என்பது அவனுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வேலி.

பெயர் காக்கப்பட்டது, பறிக்கும் கை காக்கப்பட்டதா? இந்தக் கேள்வி சார்னோவோடு நிற்பதன்று. இத்தாலியத் தக்காளி முழுவதையும் பற்றியது. இயந்திரம் புகாத, அல்லது புகுத்த மனமில்லாத இடங்களில் ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த ஏழைகள், ‘கப்போராலே’ எனப்படும் ஆள்பிடிக்கும் கங்காணிகளின் கீழ், பெட்டிக் கணக்கில் கூலி பெற்றுப் பறிக்கிறார்கள். வண்டிச் சத்தமும் கங்காணி பங்கும் கழிந்தே கூலி கைக்கு வரும். இதைக் குற்றமாக்கிக் கடுமையான சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. இருந்தும் 2018 ஆகஸ்டு 4-ஆம், 6-ஆம் தேதிகளில், ஃபோஜா பகுதியில் வயலிலிருந்து திரும்பிய வண்டிகள் இரண்டு லாரிகளில் மோதியதில் 16 ஆப்பிரிக்கத் தொழிலாளர் இறந்தனர். கங்காணி என்ற சொல்லை இலங்கை, மலேயாத் தோட்டங்களின் வரலாற்றிலிருந்து அறிந்த தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஒரு நூற்றாண்டுக்கு முன் இதே சமவெளியிலிருந்து பசியோடு கப்பலேறியவர்களின் நாவுதான் சான் மர்ஸானோவுக்குப் புகழ் தந்தது. இன்று வேறு கரைகளிலிருந்து பசியோடு கப்பலேறி வந்தவர்களின் கைகள் இத்தாலியின் தக்காளியைப் பறிக்கின்றன. டப்பாவின் மேல் ஒட்டும் முத்திரை, மண் எது, விதை எது, பழத்தின் நீளம் என்ன என்று சொல்கிறது. பறித்தவருக்கு என்ன கூலி என்பதை அது சொல்வதில்லை. வைரஸ் வந்த காலத்தில் இந்த ரகத்தைக் காத்தது அரசோ சந்தையோ அன்று. விற்பதற்கில்லாமல் தன் வீட்டுக்கென்று நான்கு செடியைக் கவனித்துக்கொண்ட பெயர் தெரியாத சிலரின் பிடிவாதம். விதைக்கு வாய்த்த அந்தக் கவனிப்பு, விளைவிப்பவருக்கும் வாய்க்கும் நாளில்தான் இதன் வரலாற்றை முழுமையானது என்று எழுத முடியும்.